செல்சியஸ் அண்ணை

சிசிலியின் பலெர்மோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் முதலில் தேத்தண்ணி வரும். செல்சியஸ் அண்ணையின் வீட்டில் அதற்கும் முன்னால் ஓர் எண் வரும். "நாப்பத்து மூண்டு" என்பார், கதவைத் திறந்தபடியே. புதுக் கணினி வேலையொன்றும் செய்யாமல் சும்மா நிற்கும்போது அதன் ப்ரொசெசருக்கு உள்ள சூடு அது. உங்கள் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான்.

இவரை ஓர் ஆள் என்று நினைக்க வேண்டாம், இது ஓர் இனம். பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் எந்த மாடியிலும் காணலாம். பகல் முழுக்க இத்தாலியக் கிழவர் ஒருவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அதில் மிச்சம் பிடித்த காசில் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய பெட்டி. மகனின் படிப்புக்கென்று சொல்லித்தான் வாங்கினார். மகன் இன்னும் அதைத் தொடவில்லை. தொட்டால் சூடேறுமாம்.

சூட்டை அளக்க வேண்டுமானால் முதலில் சூடேற்ற வேண்டும். அதற்கென்றே சினிபெஞ்ச் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு படத்தை வரையச் சொல்லி ப்ரொசெசரின் எல்லாக் கோர்களையும் ஒரேயடியாக விரட்டும். 75, 88 என்று எண் ஏறும். 92-இல் அண்ணை எழும்பி நிற்பார். 95-இல் அண்ணியைக் கூப்பிடுவார். அவருடைய ப்ரொசெசர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை. 2022-இல் அதை வெளியிட்டபோதே, முழு வேலை கொடுத்தால் 95 பாகைக்குப் போகும், அதற்கென்றே செய்திருக்கிறோம் என்று ஏ.எம்.டி. சொல்லிவிட்டது. எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை எடுத்துச் சொன்னால், "கொம்பனிக்காரன் அப்பிடித்தான் சொல்லுவான் தம்பி" என்பார்.

அந்தச் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017-இல் வந்த ரைசன் 1700எக்ஸும் 1800எக்ஸும் உள்ள சூட்டோடு 20 பாகை கூட்டிக் காட்டின. எல்லா மாதிரிகளிலும் விசிறி ஒரே சீராக ஓடவேண்டுமென்று நிறுவனமே செய்த ஏற்பாடு அது. இதை அறிந்த நாள் முதல் அண்ணை மூன்று மென்பொருள்களைத் திறந்து வைத்திருக்கிறார். மூன்றும் மூன்று எண் சொன்னால், கூடினதைத்தான் நம்புவார்.

பிறகு பசை. ப்ரொசெசருக்கும் கூலருக்கும் இடையில் பூசுவது. நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்பது ஒரு கட்சி, சிலுவையாக இழுக்க வேண்டும் என்பது இன்னொரு கட்சி. அண்ணை சைவம், பசையில் மட்டும் சிலுவை. திருப்தி வராமல் கூலரைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, திரும்பப் பூசுவார். பழைய பசை சறத்தில் சாம்பல் கறையாக ஒட்டிக்கிடக்கும்.

ஆனாலும் ஆள் உதவாதவர் அல்ல. கீழ்வீட்டுப் பொடியன் கட்டிய கணினி திறந்த உடனேயே கொதித்து அணைந்தபோது, அண்ணை வந்து கூலரைக் கழற்றி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தாளை உரித்துக் காட்டினார். 'பூட்டுமுன் அகற்றவும்' என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அந்தத் தாளை இன்றைக்கும் பேர்சுக்குள் வைத்திருக்கிறார்.

கோடையில்தான் பாடு. சகாராப் பக்கமிருந்து சிரோக்கோ வீசினால் அறையோடு சேர்ந்து ப்ரொசெசரும் ஏறும். 2021 ஓகஸ்ட் 11 அன்று சிசிலியின் ஃப்ளோரிடியாவில் 48.8 பாகை அடித்தது. ஐரோப்பாவிலேயே அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பும் ஏற்றுக்கொண்டது. அதாவது, சும்மா நிற்கும் அண்ணையின் கணினியைவிட அந்த ஊர் சூடு. இப்படிப்பட்ட நாட்களில் வீட்டிலுள்ள ஒரே விசிறி, பக்கமூடி கழற்றிய பெட்டிக்கு நேரே நிற்கும். அண்ணி கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு சொல்லுவா: "அதுக்கு வேர்க்கிறேல்லை, எனக்குத்தான் வேர்க்குது."

செப்டம்பர் 4, சாந்தா ரொசாலியாவின் நாள். 1624-இல் கொள்ளைநோய் பிடித்த நகரத்தைக் காத்தவள் என்று பலெர்மோ கொண்டாடும் புனிதை. அவளுக்காக மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறுபவர்களில் வேதக்காரரும் சைவக்காரருமாக நம்மவர்கள் நிறைய. மலைக் கோயில் ஒரு குகை. பாறையிலிருந்து கசியும் நீர் சனத்தின் தலையில் விழாமல், கூரை நெடுக உலோகப் பீலிகள் வளைந்து வளைந்து போகும். எல்லோரும் கைகூப்பி நிற்க, அண்ணை மட்டும் வாய் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வோட்டர் கூலிங், தம்பி" என்றார். "ஒரு லீக் இல்லைப் பாரும்."