அரை பாயிண்ட்

கூடைப்பந்தில் அரை பாயிண்ட் என்று ஒன்று கிடையாது. ஃப்ரீ த்ரோ போட்டால் ஒன்று, உள்ளே நின்று போட்டால் இரண்டு, வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று. பந்து வளையத்துக்குள் பாதி எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பூஜ்யம்தான். முயற்சிக்கு மார்க் போடுகிற தயாள குணமெல்லாம் எங்கள் காலத்துத் தமிழ் வாத்தியார்களோடு போயிற்று. ஆனால் காலேஜ் கூடைப்பந்துப் போட்டி நடக்கிற மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவில் ஏகப்பட்ட பேர் தூக்கத்தைத் தொலைப்பது இந்த இல்லாத அரை பாயிண்டுக்காகத்தான். அதை அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து இறக்கியவன் என் அக்கா மகன்.

அவன் இருப்பது நியூஜெர்சி எடிசனில். பந்தயக்காரர்களுக்கு நியூஜெர்சி ஒரு புண்ணிய க்ஷேத்திரம். விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கக்கூடாது என்றிருந்த மத்திய சட்டத்தை 2018 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தூக்கி எறிந்ததே, அந்த வழக்கில் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியது இந்த மாநிலம்தான். அதற்குப் பிறகு அங்கே செல்போனில் பால் பாக்கெட் ஆர்டர் செய்வது மாதிரி பந்தயம் கட்டுகிறார்கள்.

"மாமா, இங்க யார் ஜெயிப்பாங்கன்னு கேக்கறதே இல்ல. எத்தனை பாயிண்ட்ல ஜெயிப்பாங்கன்னுதான் கேள்வி" என்றான் ஒருநாள் போனில்.

விஷயம் இதுதான். பெரிய காலேஜ் டீம் ஒன்றும் பேர் தெரியாத காலேஜ் டீம் ஒன்றும் மோதுகின்றன. எவன் ஜெயிப்பான் என்பது பந்துக்கே தெரியும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் நோஞ்சான் மேல் யார் காசு கட்டுவான்? பந்தயம் நடத்துகிற புக்கி பட்டினிதான் கிடக்க வேண்டும். அதனால் அவன், "பெரிய டீமுக்கு எட்டரை" என்று ஒரு கோடு போடுகிறான். பெரிய டீம் மேல் கட்டியவனுக்குப் பணம் வர, அது ஒன்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். எட்டில் ஜெயித்தால் டீம் ஜெயித்தது, கட்டியவன் தோற்றான். சின்ன டீம் மேல் கட்டியவனோ, தன் டீம் எட்டு பாயிண்டில் உதை வாங்கினால் எழுந்து நின்று கும்மாளம் போடலாம். அந்த அரை எதற்கு என்றால், வித்தியாசம் சரியாக எட்டு வந்து "சமன், காசைத் திருப்பிக் கொடு" என்று யாரும் வந்து நிற்கக்கூடாது என்பதற்கு.

இதைக் கண்டுபிடித்த பெருமை சார்லஸ் மெக்நீல் என்பவருக்கு. 1940களில் சிகாகோவில் இருந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தவராம். நான் ஆச்சரியப்படவில்லை. பத்தாம் வகுப்பில் என்னை பெஞ்சு மேல் ஏற்றிய மனிதரும் பாஸா ஃபெயிலா என்று ஒருநாளும் கேட்டதில்லை, எத்தனை மார்க்கில் போச்சு என்றுதான் கேட்பார்.

புக்கியின் பிழைப்பு இதில் எங்கே என்று கேட்டேன். நூறு டாலர் ஜெயிக்க நூற்றுப்பத்து டாலர் கட்ட வேண்டுமாம். அந்தப் பத்துதான் அவனுக்குக் கஞ்சி. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன் சமமாகக் கட்டிவிட்டால் எவன் தோற்றாலும் புக்கி கவலைப்பட வேண்டாம், தோற்றவன் காசில் ஜெயித்தவனுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்வான். கட்டுகிறவனுக்குக் கைக்காசு போகாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். பூவா தலையா போட்டால் ஐம்பது. நடுவில் இருக்கிற அந்த 2.4இல்தான் நிறையப் பேருடைய கிரெடிட் கார்டு மூழ்கிப்போகிறது.

அக்கா மகனுக்கு இதில் ஒரு தீராத மனக்குறை. நியூஜெர்சி சட்டத்தில் ஊரெல்லாம் கட்டலாம், நியூஜெர்சி காலேஜ்கள் மேல் மட்டும் கட்டக்கூடாது. 2021இல் மாநில மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மார்ச்சிலேயே, சொல்லி வைத்த மாதிரி, அதே மாநிலத்து ஜெர்சி சிட்டியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் என்ற குட்டிக் காலேஜ், பெரிய டீமான கென்டக்கியை 85–79 என்று சாய்த்தது. அதற்கு மேலும் இரண்டு ஆட்டம் ஜெயித்து, நாட்டிலேயே கடைசி எட்டு டீமில் ஒன்றாக நின்றது. நாடே வாயைப் பிளந்தது. சொந்த மாநிலத்துக்காரன் மட்டும் சட்டப்படி ஒரு டாலர் கட்ட முடியாமல் கையைப் பிசைந்தான். "பக்கத்து ஊர்லதான் மாமா காலேஜ் இருக்கு!" என்று அவன் புலம்பியது, கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வந்தவன் புலம்பலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இந்தக் கதையை நான் பெஞ்சில் எடுத்துவிட்டபோது, ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டயரான பெரியவர் ஒருவர் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதுல என்ன புதுசு? கிண்டியில குதிரைக்கு ஈயம் கட்டுவான் பாரு, அதானே இது?"

அவர் சொன்னது சத்தியம். ஹாண்டிகேப் ரேஸ் என்றால் அதுதான். ஒவ்வொரு குதிரைக்கும் தரம் போட்டு, நல்லா ஓடுகிற குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். எடை போதவில்லை என்றால் ஈயத்தகட்டைச் செருகுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு கோட்டைத் தொட்டால் எடை போட்டவர் கெட்டிக்காரர். குதிரை முதுகில் ஏற்றினால் ஈயம், டீம் முதுகில் ஏற்றினால் எட்டரை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் ரேஸ் நாளானால் அம்பத்தூரில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் வண்டி பிடித்து கிண்டி போய்ச் சேருவார். திரும்பி வரும்போது எத்தனை மணிக்கு வருகிறார் என்பதை வைத்தே தெருவில் முடிவு தெரியும். சீக்கிரம் வந்தால் காசு சீக்கிரம் தீர்ந்தது என்று அர்த்தம். 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நடந்து நடந்து, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமைக்கான ஆட்டம் என்று தீர்ப்பு எழுதியது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரை எடுத்துப்போய் மனைவி முன்னால் விரித்தார். அந்த அம்மாள் முழுவதும் படித்தாள். "திறமை இருக்கிறவங்களுக்குன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பிறகு கிண்டிக்கும் சோதனை வந்தது. 2024 செப்டம்பரில் குத்தகைப் பாக்கிக்காக 160 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டு பூட்டுப் போட்டது.

"இருக்கிறவன் முதுகுல ஏத்து, இல்லாதவன் முதுகுல இறக்கு. 1955லயே எங்க ஆவடியில தீர்மானம் போட்டாச்சு" என்றார் பெரியவர். ஜனவரி மாதம், நேரு வந்து, காங்கிரஸ் மாநாட்டில், சோஷலிச பாணி சமுதாயம்தான் இனி லட்சியம் என்று அறிவித்த அதே ஆவடி. நாட்டில் அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்றோ, அமெரிக்க புக்கிகள் அட்சரம் பிசகாமல் அமல்படுத்துகிறார்கள் என்பது அவர் கட்சி.

ஆனால் இந்த சோஷலிசத்தில் ஒரு ஓட்டை உண்டு. ஆட்டக்காரனிடம் "தோற்றுப் போ" என்றால் அவன் ரோஷப்படுவான். "ஜெயிச்சுக்கோ, ஆனா அஞ்சு பாயிண்டுக்குள்ள ஜெயி" என்றால்? மனசாட்சி லேசாகப் புரண்டு படுத்துத் தூங்கிவிடும். நியூயார்க் சிட்டி காலேஜ் டீம் 1950இல் என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. என்று இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் தூக்கியது. வேறு எந்தக் காலேஜும் அதற்கு முன்னும் பின்னும் செய்யாத காரியம். அடுத்த வருஷமே அந்தப் பையன்களில் பலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குற்றச்சாட்டு, பாயிண்டைச் சீவிக் கொடுத்தார்கள் என்பது. நாம் ஒன்றும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 2013 பந்தய விவகாரத்துக்காக சி.எஸ்.கே.யை 2016, 2017 என்று இரண்டு சீசன் வெளியே உட்கார வைத்தபோது எங்கள் பெஞ்சே துக்க வீடு மாதிரிதான் கிடந்தது.

சட்டம் என்று பார்த்தால், நம்மூரில் காசு வைத்து ஆன்லைனில் ஆட 2025 ஆகஸ்டில் மத்திய அரசே தடை போட்டுவிட்டது. இந்திய கிரிக்கெட் டீம் பனியனிலிருந்தே டிரீம்11 பெயர் இறங்கிவிட்டது. ஆகவே எங்கள் பெஞ்சில் எட்டரையைப் பரீட்சை பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவர் முன்கூட்டியே ஷரத்து சொல்லிவிட்டார்.

"காசு வெச்சா கேஸு. பரோட்டா வெச்சா சால்னா."

பூந்தமல்லி–ஆவடி ரோட்டில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் கேட்டில்தான் விழும். அப்படி ஒன்றில் காலேஜ்களுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி. என் மச்சினன் பையன் சிவப்பு பனியன் டீமில் ஆடுகிறான் என்பதால் உள்ளே விட்டார்கள். கோடு போடும் பொறுப்பை ஏஜென்ட் எடுத்துக்கொண்டார். யார் எத்தனை வயசில் போவார்கள் என்று பிரீமியம் சொல்லிப் பழகியவர், பனியன்களை ஒரு பார்வை பார்த்தார். எதிர்ப்பக்கம் மஞ்சள் பனியனில் நால்வர் குட்டை, ஒருவன் கண்ணாடி.

"சிவப்புக்கு எட்டரை. தோக்கறவர் பரோட்டாவோட எனக்கு ஒரு ஆம்லெட்."

நூற்றுப்பத்து தத்துவத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே வந்துவிட்டது. நான் சிவப்பு பக்கம். பெரியவர் மஞ்சள்.

முதல் பாதியில் சாதாரண மனிதர்களாகத்தான் பார்த்தோம். கடைசி ஐந்து நிமிஷத்தில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சிவப்பு ஏழில் முன்னால் நிற்கிறது, சிவப்புப் பையன்களெல்லாம் சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் வயிறு கலங்குகிறது. மச்சினன் பையன் இரண்டு பாயிண்ட் போட்டு ஒன்பது ஆனதும் நான் கத்திய கத்தில் அவன் அம்மாவே திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு பாசமா என்று அவள் கண் கலங்கியது. எனக்கு டீமும் வேண்டாம், பையனும் வேண்டாம், அந்த எட்டரைக் கோட்டைத் தாண்டினால் போதும் என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

கடைசி இருபது விநாடி. 61–51. பந்து சிவப்பிடம். "ஹோல்ட் பண்ணு, ஹோல்ட் பண்ணு" என்று கோச் கத்துகிறார். ஜெயித்த ஆட்டம், பந்தைத் தட்டிக்கொண்டே நின்றால் மணி அடித்துவிடும். எங்கிருந்தோ ஒரு மஞ்சள் கை வந்து பந்தைத் தட்டிவிட்டது. பந்து போய்ச் சேர்ந்தது அந்தக் கண்ணாடிப் பையனிடம். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விசில் வாய்க்குப் போகிற நேரம், மைதானத்தின் பாதியில் நின்றுகொண்டு, கிணற்றில் வாளி போடுகிறவன் மாதிரி இரண்டு கையாலும் வீசினான். பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, உள்ளே விழுந்தது. 61–54.

கைதட்டல் எழவில்லை. ஆட்டம் எப்போதோ முடிந்துபோன ஆட்டம், ஏழானால் என்ன, பத்தானால் என்ன? சிவப்பு டீம் ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடித்துக்கொண்டது. மஞ்சள் டீம் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடியது. அந்த மைதானத்திலேயே எழுபது வயசில் துள்ளிக் குதித்த ஒரே ஆள் எங்கள் பெரியவர்தான். கோப்பையோடு வந்த மச்சினன் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, ஜெயிச்சிட்டோம் மாமா" என்று விளக்கம் சொன்னான். தெரியும்டா என்றேன்.

பரோட்டாக் கடையில் நான் எல்லோருக்கும் ஆர்டர் சொன்னேன். ஏஜென்ட் ஆம்லெட்டில் பெப்பர் தூக்கலாக என்றார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் டீம் பையன்கள் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தப் பக்கம் வந்தார்கள். பெரியவர் எழுந்து போய்க் கண்ணாடிப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மாஸ்டர், தம்பிக்கு ரெண்டு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில். அந்தச் சார் கணக்கு" என்று என்னைக் காட்டினார்.

பையன் மிரண்டு போனான். "ஐயா, நாங்க தோத்துட்டோம்யா."

"அதெல்லாம் உனக்கெதுக்குப்பா? நீ சாப்பிடு."