திங்கட்கிழமை தெரிந்துவிடும்

1997இல் லீட்ஸ் நகரில் படித்தபோது என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஆங்கிலேயத் தோழி 'டேட்' என்ற சொல்லைத் தன்னைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கு அது அமெரிக்கப் படங்களில் வரும் சொல். வெள்ளிக்கிழமை ஆனால் எட்டுப் பத்துப் பேராகப் பப்புக்குக் கிளம்புவார்கள். ஆளுக்கொரு ரவுண்டு வாங்க வேண்டும். தன் முறை வரும்போது நழுவுகிறவனை யாரும் மறக்க மாட்டார்கள். யாருக்கு யார்மேல் கண் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றைய சட்டப்படி இரவு 11 மணியோடு பப்பில் விற்பனை முடிந்துவிடும்; 2005இல்தான் அது தளர்ந்தது. மணி அடித்து எல்லோரும் தெருவுக்கு வந்த பிறகு, பஸ் நிறுத்தத்தில் ஒரு முத்தம். திங்கட்கிழமை முதல் அவர்கள் ஜோடி. அதற்குப் பிறகு இன்னொருவரைத் தேடிப் போனால் துரோகம்.

கூச்சம் மிகுந்த மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முறிக்காமல் நெருங்கக் கண்ட வழி அது. கேட்கவே இல்லை என்பதால் மறுக்கவும் வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

2000இல் வேலைக்காகச் சிகாகோ போனேன். அங்கே பக்கத்து மேசைக்காரி செவ்வாய்க்கிழமை ஒருவனோடும் சனிக்கிழமை வேறொருவனோடும் இரவுச் சாப்பாட்டுக்குப் போனாள், ஒளிவுமறைவில்லாமல். நான் திகைத்ததைப் பார்த்து அவளே விளக்கினாள். 'இனி நாம் வேறு யாரையும் பார்க்க வேண்டாம்' என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டு மற்றவர் சம்மதிக்கும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. அந்தப் பேச்சு முடிந்த பிறகுதான் 'எக்ஸ்க்ளூசிவ்'.

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கும்பகோணத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு வரன் பார்த்த நாட்களில் அப்பாவின் கையில் நான்கு ஜாதகங்கள் இருக்கும். 'வேற இடமும் பார்த்துட்டிருக்கோம்' என்று இரண்டு பக்கமும் தயங்காமல் சொல்வார்கள். தட்டு மாற்றும்வரை அதில் குற்றமில்லை.

'டேட்' என்ற சொல்லுக்கே சிகாகோதான் ஊர் என்று பிறகு படித்தேன். 1896இல் அந்நகரப் பத்திரிகையாளர் ஜார்ஜ் ஏட் எழுதிய பத்தியில், தன் பெண்ணின் நாட்களை வேறொருவன் நிரப்புகிறானே என்று ஓர் இளம் குமாஸ்தா புலம்புகிறான். 'டேட்' இந்தப் பொருளில் அச்சேறிய மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. நாட்குறிப்பில் ஒரு நாள், அடுத்த நாள் இன்னொருவனுக்கு. பிறந்தபோதே அந்தச் சொல்லுக்குள் போட்டியாளன் இருந்திருக்கிறான்.

நான் சிகாகோ போன மறு ஆண்டு என் லீட்ஸ் தோழி ஆறு மாத வேலையாகச் சிகாகோ வந்தாள். ஒருவனைச் சந்தித்தாள். ஒவ்வொரு முறையும் அவனே பணம் கொடுத்தான். அடுத்தது என் ரவுண்டு என்று இவள் சொன்னால் விடமாட்டான். மூன்றாம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற்றங்கரையில் முத்தம். அவள் கணக்கில் அதோடு எல்லாம் முடிவாகிவிட்டது. ஆறாவது வாரம், இன்னொரு பெண்ணோடு சாப்பிட்ட ஓட்டல் நன்றாக இருந்ததாக அவன் சாதாரணமாகச் சொன்னான்.

அன்றிரவு என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "அவன் பிரெஞ்சுக்காரனா இருந்திருந்தா உங்க ஊர் வழக்கம் என்னன்னு கேட்டிருப்பேன். என் பாஷையே பேசினான், கேட்கணும்னு தோணலை" என்றாள். அவன் பொய் சொல்லவில்லை. அவளும் ஏமாளியில்லை. இரண்டு ஊர் வழக்கத்தையும் கேட்டுக் கேட்டுக் கற்றிருந்தவள் நான் ஒருத்திதான். முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. கேட்டுத் தெளிவதே மேல் என்ற பக்கம் நான் சாய்ந்ததும் அன்றுதான்.

தோழி லீட்ஸுக்கே திரும்பிக் குடும்பமாகிவிட்டாள். அவள் மகளுக்கு இப்போது 21 வயது. ஹிஞ்ச் செயலியில் ஆளைப் பார்த்து, 'டேட்' என்று கூச்சமில்லாமல் சொல்லி, ஐந்தாவது வாரத்தில் எக்ஸ்க்ளூசிவ் பேச்சையும் தானே பேசி முடித்துவிட்டாள். அம்மாவுக்கு ஆச்சரியம், எனக்கு நிம்மதி.

சிகாகோக்காரியின் மகன் கதை வேறு. எட்டு மாதமாக ஒரு பெண்ணோடு கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றுகிறான். கேட்டால் 'ஹேங் அவுட்' என்கிறான். பெயர் வைக்காத இந்த உறவுக்கு வழங்கும் 'சிச்சுவேஷன்ஷிப்', 2023இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல் இறுதிப் பட்டியல்வரை போனது. அவன் அம்மா போன வாரம் கவலையோடு என்னைக் கூப்பிட்டாள்.

"நீ லீட்ஸ்ல இருந்தவளாச்சே. அங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டாங்கன்னு சொல்வியே. யார் யாரோட ஜோடின்னு எப்படித்தான் தெரிஞ்சுக்குவாங்க?"

பதினொரு மணிக்கு அடிக்கும் மணியைப் பற்றியும் பஸ் நிறுத்தத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன்.