தவணை அண்ணை

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்பவர்களில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார், யார் கச்சேரிக்குப் போகிறார் என்று கண்டுபிடிக்கச் சற்று நேரமெடுக்கும். கோட்டுக்குப் போகிறவரை உடனே தெரியும். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பெர்மிட், பிளான், இரண்டுக்கும் மூன்று மூன்று போட்டோக் கொப்பி, முகத்தில் கல்யாணக் களை. ஊர் அவரைத் தவணை அண்ணை என்று கூப்பிடும். கொட்டியாரக் கரையில் ஊருக்கொரு தவணை அண்ணை உண்டு. எல்லாரையும் சேர்த்து ஓராளாக எழுதுகிறேன், பிறகு யாரும் மானநட்ட வழக்கோடு வரவேண்டாம்.

காணி பெரிதாக ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் இவருடைய வளவு, அந்தப் பக்கம் தங்கச்சி புருசனுடையது, நடுவில் ஒரு பேர்ச் வருமோ வராதோ என்கிற துண்டு. 2004 டிசம்பரில் கடல் எல்லைக்கல்லைக் கொண்டுபோனது. 2006இல் சண்டை ஆட்களைத் துரத்தியது. திரும்பி வந்தவர்கள் அவரவர் ஞாபகத்தில் வேலி இருந்த இடத்தில் கதியால் நட்டார்கள். இரண்டு ஞாபகத்துக்கும் நடுவில் ஒரு முழம் வித்தியாசம். இப்படித் தொடங்கிய வழக்குகள் இந்தப் பக்கத்தில் நிறைய. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிப்பு அதற்குப் பிறகு வருகிறது.

முதலில் 'அறுபத்தாறு'. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பொலிஸ் முறைப்பாடு போனால், காணி யாருக்குச் சொந்தம் என்று ஆரம்ப நீதிமன்றம் பார்க்காது. இப்போது யார் கையில் இருக்கிறது, கடைசி இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பிடரியில் பிடித்துத் தள்ளினார்களா என்றுதான் பார்க்கும். அண்ணைக்கு இது பாலர் வகுப்பு. அங்கே பாஸ் பண்ணி மாவட்ட நீதிமன்றம் போனார். அங்கே மச்சான் முந்திக்கொண்டு, அண்ணை மதில் கட்டக்கூடாது என்று இடைக்காலத் தடையுத்தரவு எடுத்துவிட்டார்.

மனிசன் இடிந்துபோவார் என்று வீட்டில் பயந்திருந்தார்கள். அவர் கேட்டது கலண்டரை.

தடையை எதிர்த்து மனுக் கொடுக்க குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 757ஆம் பிரிவு 14 நாள் தருகிறது. உத்தரவு வந்த நாள் அதில் சேராது, மனுக் கொடுக்கிற நாள் சேராது, ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது. போயா, பொங்கல், ஹஜ்ஜுப் பெருநாள், நத்தார் என்று எல்லாச் சமயத்தையும் இவரளவு பக்தியோடு மதிக்கிற ஆள் இந்தத் தீவில் கிடையாது. "சித்திரை வருசத்துக்குக் கிட்ட ஓடர் கிடைச்சவன் புண்ணியவான்" என்பார். அப்படியிருந்தும் மனு கடைசி நாள் பின்னேரம்தான் போகும்.

அதுவும் நேரே அப்பீல் இல்லை. தடையுத்தரவு தீர்ப்பல்ல, கட்டளை. ஆகையால் முதலில் மேன்முறையீடு செய்ய அனுமதி கேட்கவேண்டும். முன்பு அதற்குக் கொழும்புக்கு ஓடவேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அதை மாகாண மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஏழை எளியதுகளுக்கு நல்ல காரியம். அண்ணைக்கு மட்டும் இரவு ரயிலும் கோட்டை ஸ்டேசன் தேத்தண்ணியும் போச்சே என்று கவலை. உயர் நீதிமன்றம் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல்.

தடை கொடுக்க நீதிமன்றம் பார்க்கும் விசயங்களை வீட்டிலும் பிரயோகிப்பார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா கடைக்குப் போட்டு வாங்கோ."

"முதற்பார்வைக்கு உன்ர பக்கம் நியாயம் இருக்கு. ஆனா நான் போறதால வாற இடைஞ்சல், போகாட்டி வாற இடைஞ்சலைவிடப் பெரிசு."

கேட்பவருடைய நடத்தை சுத்தமா என்றும் நீதிமன்றம் பார்க்கும். அந்த விசயத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

தேத்தண்ணிக் கடையில் சம்பூர்க் கதை சொல்லாமல் எழும்பமாட்டார். 2012இல் கைத்தொழில் வலயத்துக்கென வர்த்தமானியில் போன 818 ஏக்கரை, 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன விடுவித்தார். காணியைப் பெற்றிருந்த கம்பெனி உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை எடுத்தது. ஜூலையில் அது நீங்கியது. "ஜனாதிபதிக்கே ஸ்டே ஓடர்!" என்று அண்ணை தொடையில் தட்டுவார். 2006இல் சம்பூரை விட்டு ஓடிய சனம் அந்த இரண்டு மாதமும் என்ன பாடுபட்டிருக்கும் என்பது அவருடைய கதையில் வராது. அந்தச் சனத்துக்குத் தடை நீங்கினால் போக ஊர் இருந்தது. இவருக்குத் தடை நீங்கினால் திங்கட்கிழமை எங்கே போவது? மேன்முறையீடு முடிவதற்குள் மூல வழக்கையே விளங்கி முடித்திருக்கலாம் என்று சட்டத்தரணியின் ஜூனியர் பெடியன் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனோடு இப்போது கதையில்லை.

கடைசியில் தங்கச்சி அழுது பிடித்து இரண்டு பேரையும் மத்தியஸ்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "அங்க அப்பீல் இல்லையே, பிறகென்ன நியாயம்?" என்று முனகிக்கொண்டே போனார். மத்தியஸ்தர் பிளானை விரித்தார், அரை முழம் இங்கால், அரை முழம் அங்கால், நடுவில் வேலி என்றார். மச்சான் உடனே தலையாட்டிவிட்டார். அண்ணைக்கு வேர்த்தது. சம்மதமில்லை என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. யோசிக்க 14 நாள் கேட்டார், ஞாயிறும் போயாவும் நீங்கலாக.