சதை ஏறும், தம் இறங்கும்

கேள்வி (எலப்புள்ளி வாசகர்): கிளென்பியூட்டரால் கொடுத்தால் மாடு சதை போடுமாமே, வண்டியும் நன்றாக இழுக்குமா?

பதில்: சதை போடலாம், அந்தச் சதை நெடுந்தூரம் வராது. குதிரைகளின் மூச்சுத்திணறலுக்குத் தரும் மருந்து அது. எலிகளில் தசையைப் பெருக்கியதோடு, சோர்வில்லாமல் உழைக்கும் மெது இழைகளை வேக இழைகளாகவும் மாற்றியது. வேக இழை பட்டாசு மாதிரி, நின்று எரியாது. நாள் முழுக்கப் பாரம் இழுக்க மெது இழைதான் வேண்டும். 'எலி வேறு, மாடு வேறு' என்பீர்கள், நியாயம்தான். ஆனால் 2002-இல் வெளியான ஆய்வில் குதிரைகளுக்கும் ஓடும் திறன் குறைந்தது. அதிக அளவு கொடுத்த எலிகளில் இதயத் தசை செல்களே மடிந்தன. 'இறைச்சிக்கு விற்கும் மாடுதானே' என்றாலும் கூடாது: 1990-இல் ஸ்பெயினில் இம்மருந்து தங்கிய ஈரலைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கைநடுக்கமும் படபடப்பும் வந்தன. நல்ல தீனி போட்டு, தினமும் அளவாக வேலை வாங்குங்கள். பழக்கம் வேக இழையையும் சோர்வு தாங்க வைக்கும்.