பிள்ளைக்குத் தலைமைப் பதவி

நெகிரி செம்பிலான் தாய்மார்களுக்கு ஒரு நற்செய்தி. ஆறு மாதம் நிறைந்த பிள்ளை இனித் தன் சாப்பாட்டுக்குத் தானே தலைமை தாங்குமாம். மசித்து ஊட்டக் கூடாது. விரல் நீளத்துக்கு வேகவைத்த கேரட்டைக் கையில் கொடுத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்க வேண்டும். எதைத் தின்பது, எவ்வளவு தின்பது, எப்போது போதும் என்பது எல்லாம் பிள்ளையின் முடிவு. ‘பேபி லெட் வீனிங்’ என்று பெயர். ஜில் ராப்ளி என்ற இங்கிலாந்துச் சுகாதாரத் தாதி இன்னொருவரோடு சேர்ந்து 2008-இல் இதற்குப் புத்தகமே எழுதினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைக் காப்பகமான தாஸ்கா ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் இதை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கையில் தருகிறார்கள். பின்பக்கத்தில் சிலிக்கான் கழுத்துப்பட்டி, மேசையில் ஒட்டிக்கொள்ளும் தட்டு, சின்ன நாற்காலி என்று விலைப்பட்டியல்.

முறையில் எனக்குச் சண்டை இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து அவித்த மரவள்ளிக் கிழங்கைப் பேரன் கையில் கொடுத்த பாட்டிகள் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, விலையும் வைக்கவில்லை, அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் அந்தத் தலைமைப் பதவியைப் பற்றியது. ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளின் பாலுக்கு யார் தலைமை தாங்கினார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் பதவி கொடுக்கலாமே.

முதல் தலைவர் ரப்பர் மரம். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அப்போது சீவினால்தான் பால் தடையில்லாமல் இறங்கும். சூடு ஏறினால் வடிதல் குறைந்துவிடும். மரத்துக்குப் பால் சுரக்கும் அந்த விடிகாலைதான் பெற்றவளுக்கும் மார்பு கட்டி வலிக்கும் நேரம். இரண்டு பாலில் எது முந்த வேண்டும் என்ற வழக்குக்குத் தீர்ப்பு ஒரு நாளும் தள்ளிவைக்கப்படவில்லை. காலைப் பேர்ப்பதிவான பெரட்டுக்குத் தகரம் அடித்தால் பிள்ளையைப் பிடுங்கி ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு, வாளியோடு நிரைக்கு ஓட வேண்டும். தாமதமாகப் போனால் கங்காணி பேர் கொடுக்க மாட்டார். பேர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. ரவிக்கை நனைய நனைய அவள் மரத்தின் பாலை மங்கில் இறக்கிக்கொண்டிருப்பாள்.

அங்கே கொட்டகையில் வரிசையாகத் துணித் தொட்டில். ஒரே ஆயா. பெரும்பாலும் மரம் சீவ முடியாமல் போன கிழவி. ஒரு தொட்டிலைக் கையால் ஆட்டி, இன்னொன்றைக் காலால் ஆட்டி, மூன்றாவது பிள்ளைக்குக் குரலால் தாலாட்டு. பக்கத்தில் கெட்டிப் பால் டின். ஆணியால் மூடியில் இரண்டு துளை: ஒன்று பால் ஊற்ற, ஒன்று காற்றுப் புக. வெந்நீரில் கரைத்தால் போத்தல் வெள்ளையாகத் தெரியும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சீனி. போத்தலின் வாயில் ரப்பர் காம்பு. தாய் சீவிக் கொட்டிய பால் கப்பலேறிச் சீமைக்குப் போய், காம்பாகத் திரும்பி வந்து, தாயின் மார்பு இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளை வாயில் நுழைந்தது. இதைவிடத் திறமையான ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம் உலகத்தில் உண்டா?

இதைக் கொலை என்றே சொன்ன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். சிங்கப்பூரில் சேவை செய்த குழந்தை மருத்துவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துப் பெரிய மனிதர்கள் முன்னால், ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பு வைத்தே பேசினார். தாதி வேடத்தில் பெண்களை அனுப்பித் தாய்ப்பாலை நிறுத்தவைத்து டின் பால் விற்கிறவர்களைக் கொலைகாரர்களோடு சேர்த்தார். டின் பால் வியாபாரத்துக்குச் சர்வதேச விதிமுறை வந்தது 1981-இல். 42 வருடம். அவசரம் என்ன, சாகிறவை பிள்ளைகள்தானே.

கூலியையும் பாருங்கள். 1930-களில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள் கூலி நல்ல காலத்தில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று எந்தக் கிராணியும் சொன்னதில்லை. பிள்ளை பெற்ற குற்றத்துக்கு அபராதமாக இருக்கலாம்.

எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நமக்குப் பாடம் எடுக்க வருகிறவர்களிடம் சிரம்பான் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1900-களின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தின் அரசு மருத்துவராக இருந்தவர் பிராடன். தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனர்கள் பெரிபெரி வந்து வீங்கிச் செத்தார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழர்களை அந்த நோய் அண்டவில்லை. அதைக் கவனித்து 1907-இல் அவர் புத்தகம் போட்டார். பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜெலுபு டுரியான் திப்புஸ் காட்டில் ஜாவாக்காரத் தொழிலாளிகள் 300 பேரை வைத்துச் சோதித்து, தீட்டிய அரிசிதான் காரணம் என்று நிறுவினார்கள். உலக வைத்தியத்துக்கே பாடம் சொன்ன பானை நம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் புழுங்கலரிசிக் கஞ்சியைத்தான் ‘ஊட்டாதீர்கள், பழைய முறை’ என்று இன்றைக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் எழுதியிருக்கிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு விடிகாலை அவசரம் இல்லையே, தாய்க்கு விடுதலைதானே என்று யாரும் ஏமாற வேண்டாம். பெண்களுக்கு மருந்து அடிக்கும் வேலை கொடுத்தார்கள். முதுகில் தோம்பு, தோம்பில் பாராகுவாட் களைக்கொல்லி. நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. 2002-இல் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களின் நிலையை அறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை விதித்த அரசாங்கம் 2006-இல் தடையைத் தளர்த்தியது. களைமருந்து வியாபாரிகளுக்கு வருத்தமாக இருந்திருக்கும் போல. முழுத் தடை வர 2020 ஆனது. அதுவரை அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள்.

இப்போது தோட்டத்தில் நம்மவர்கள் சொற்பம். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் செனவாங், நீலாய் ஆலைகளில் 12 மணி நேரச் சிஃப்டில் நிற்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்காவது 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தில் ஒரு பகுதி உண்டு. ஆலைக்காரர் பிள்ளைக்கு ஒரு பாய்கூட விரிக்கத் தேவையில்லை. பால் பீய்ச்சி வைக்கத் தனி இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதியும் தனியார் ஆலைக்குக் கிடையாது. பிரசவ விடுப்பு 2022 முடியும்வரை 60 நாள். 2023 ஜனவரி முதல் 98 நாள் ஆக்கி, அதற்கு மாலை மரியாதையும் நடந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருப்பதும் இதே அரசாங்கம்தான். 180-இல் 98 போனால் 82. அந்த 82 நாள் பிள்ளை யாரிடம் பால் குடிக்கும் என்று சுவரில் எழுதவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று சுகாதார அமைச்சின் ஆய்வு சொன்னதும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்: தாய்மார்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை.

அதற்காகத்தான் அந்தத் தாஸ்காவில் விளக்கக் கூட்டம். பிள்ளை தொண்டையில் சிக்கிக்கொள்ளாமல் பக்கத்திலேயே ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார் பேச வந்தவர். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது சட்டம். அந்தக் கணக்கை வைத்தால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பல பேர் பதிவில்லாத பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விடுகிறார்கள். அங்கே ஏழெட்டுப் பிள்ளை, ஒரு அக்கா, ஒரு தொலைக்காட்சி. கொட்டகை இடம் மாறியிருக்கிறது.

பின்வரிசையில் ஆலைச் சட்டையோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், எப்ப சாப்பிடணும்னு பிள்ளை முடிவு பண்ணட்டும், சரி. சிஃப்டு எப்பன்னு யாரு முடிவு பண்றது?”

“அது வேற தலைப்பும்மா,” என்றார் பேச வந்தவர், சிரித்துக்கொண்டே.

வேறு தலைப்பா? பெரட்டுத் தகரம் அடித்த காலத்திலிருந்து இது ஒன்றுதான் தலைப்பு. பிள்ளை தலைமை தாங்குமென்று நிஜமாகவே நம்புகிறவர்கள் செய்ய வேண்டியது எளிது: ஆலை முதலாளியையும் அமைச்சரையும் அந்தச் சின்ன நாற்காலிகளில் உட்காரவைத்து, கழுத்துப்பட்டி கட்டி, 82 நாள் சம்பள விடுப்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி முன்னால் வையுங்கள். எட்ட நின்று பார்ப்போம், தாங்களாகவே எடுத்து விழுங்குகிறார்களா என்று. ஊட்டிவிடத்தான் வேண்டியிருக்கும். அதற்கு எங்கள் ஆலைப் பெண்களிடம் கை இருக்கிறது, நாள்தான் இல்லை.