குத்தகைக் கடுதாசி

பெரிய நாடுகள் நெருக்குகின்றன என்று கொழும்பு மூக்கைச் சிந்தும்போது மனம் இளகத்தான் செய்கிறது. தேர்தல் வாடையே படாத சீனாவுக்கு 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகை. 2022இல் அங்கே வரவிருந்த சீனாவின் யுவான் வாங் 5 கப்பலிடம் ‘பிறகு வாருங்கள்’ என்றார்கள். சில நாளிலேயே அது வந்து கட்டியது. பாவம், சின்ன நாடு!

அதே 2017இல்தான் கிழக்கு மாகாண சபையின் ஆயுளும் முடிந்தது. 1987இல் இந்தியப் பெரியண்ணன் ஒப்பந்தம் போட்டு வாங்கித் தந்த சபை. தேர்தல்? எல்லை நிர்ணயச் சிக்கலாம். ஜனாதிபதி அனுப்பும் ஆளுநர்தான் ஆள்கிறார்.

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே பெரியவர் சொன்னார்: “துறைமுகத்துக்கு ஒரு கடுதாசியாவது இரிக்கு மகன். நம்மட வாக்கக் கொண்டுபோனதுக்கு அதுவும் இல்ல.”