பயமா, சுகமா?

கேள்வி: மக்களை அடக்கி ஆளப் பயம் சிறந்த ஆயுதமா, சுகமா? ஆர்வெல் சொன்னது சரியா, ஹக்ஸ்லி சொன்னது சரியா?

பதில்: இரண்டுமே துணை ஆயுதங்கள்தான், முதல் ஆயுதம் மறதி. ஆர்வெல்லின் ‘1984’ (1949) நாவலில் நாயகன் வின்ஸ்டனின் வேலையே பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. வேண்டாத காகிதம் சுவர்த் துவாரம் வழியாக உலைக்குப் போய்விடும். ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ (1932) காட்டும் உலகில் சுகம் தரும் சோமா மாத்திரை இருக்கிறதே, மறதி எதற்கு என்று கேட்கலாம். மாத்திரையே போதுமென்றால், ஆட்சியாளர் முஸ்தபா மாண்ட் பைபிளை ஏன் பெட்டகத்தில் பூட்டி வைக்கிறார்? ஒப்பிட்டுப் பார்க்க நேற்று என்று ஒன்று இருந்தால், இன்றைய சுகமும் கேள்விக்குள்ளாகும். பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) இன்னும் ஒரு படி மேலே போகிறது: அங்கே வாசிப்பை முதலில் கைவிட்டவர்கள் மக்கள், புத்தகங்களைக் கொளுத்துகிறவர்கள் பிறகுதான் வந்தார்கள். ஆகவே படியுங்கள், ஞாபகசக்தியுள்ள குடிமகன்தான் சர்வாதிகாரிக்குத் தீராத தலைவலி.